தண்டவாளத்தருகே ஓர் இரும்புக்கை: நியூயார்க் சுரங்க ரயிலில் வேகமும் சிக்னலும், 1904–2019

நியூயார்க்கின் முதல் சுரங்க ரயில் 1904 அக்டோபர் 27 அன்று ஓடத் தொடங்கியபோது, நகர மண்டபத்திலிருந்து ஹார்லெமுக்குப் பதினைந்தே நிமிடம் என்பதுதான் ஊர்ப் பேச்சு. 2018-இல் அந்நகரப் போக்குவரத்துத் துறையின் தலைமைக்கு வந்த ஆண்டி பைஃபோர்டு, ரயில்கள் ஏன் இப்படி ஊர்கின்றன என்று கண்டறியவே தனிக் குழு ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் மோட்டார்கள் வலுவிழந்துவிடவில்லை. சுரங்க ரயிலின் வேகத்தை முடிவு செய்வது மோட்டார் அல்ல, பிரேக். நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் போட்ட கணக்கு, சிக்னல் கம்பங்களின் இடைவெளியாகத் தரையில் ஊன்றி நின்றுவிடுகிறது. வண்டிகள் மாறிய பிறகும் கம்பங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நியூயார்க் ரயில் வேகத்தின் வரலாற்றை இந்தப் பொருத்தமின்மையின் வரலாறாகவே நான் வாசிக்கிறேன்.

தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்க்லே பார்சன்ஸ் அமைத்த முதல் வழித்தடத்தின் பெரும்பகுதியில் நான்கு தண்டவாளப் பாதைகள் இருந்தன. நடுவிலிருந்த இரண்டும் விரைவு வண்டிகளுக்கு, ஓரத்து இரண்டும் எல்லா நிலையத்திலும் நிற்கும் சாதா வண்டிகளுக்கு. விரைவுப் பாதைகளில் தானியங்கிச் சிக்னல்கள் இருந்தன. சாதா பாதைகளில் வளைவுகளைப் போன்ற பார்வை மறையும் இடங்களில் மட்டுமே சிக்னல். மற்ற இடங்களில் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைக் கண்ணால் பார்த்து ஓட்டுநர் வேகத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். வேகம் குறைந்த பாதைக்குக் கண்ணே போதும் என்று அன்று கருதினார்கள்.

சிக்னலின் அடிப்படை எளிது. வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற தண்டவாள மின்சுற்றுதான் அது. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தண்டவாளத்திலும் மெல்லிய மின்னோட்டம் விடுவார்கள். அது மறுமுனையில் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் உள்ளே வந்ததும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்னோட்டம் அந்தக் குறுக்கு வழியில் போய்விடும், ரிலே விழும், சிக்னல் சிவக்கும். கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் அதே சிவப்புதான். பழுதுகூட எச்சரிக்கையாக மாறும் இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. வண்டியை ஓட்டும் நேர்மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அது சிக்னல் மின்னோட்டத்தோடு கலந்தால் ரிலே ஏமாந்துபோகும். அதனால் நியூயார்க்கில் சிக்னலுக்கு மாறுமின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். ஒரு தண்டவாளத்தை ஓட்டும் மின்சாரம் திரும்புவதற்கும் மற்றொன்றைச் சிக்னலுக்கும் ஒதுக்கினார்கள்.

இதனோடு சேர்ந்து வந்தது இரும்புக்கை. சிக்னல் சிவப்பாக இருக்கும்போது தண்டவாளத்தருகே ஒரு சிறு கை நிமிர்ந்து நிற்கும். ஓட்டுநர் மீறிக் கடந்தால், பெட்டியின் அடியில் இருக்கும் வால்வை அது தட்டிவிடும். பிரேக் குழாயின் காற்று வெளியேறி, யாருடைய அனுமதியும் கேட்காமல் வண்டி நிற்கும். ஆனால் கை தட்டிய இடத்திலேயே வண்டி நின்றுவிடாது. உருண்டு கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். அந்தத் தூரம் முழுதும் காலியாக இருந்தாக வேண்டும். ஆகவே ஒரு ரயிலுக்குப் பின்னால், அது நிற்கும் துண்டை மட்டுமல்லாமல், அதற்குப் பின்னாலும் நிறுத்தத் தூரம் அளவுக்கு வெற்றிடம் விட்டே சிவப்பு விளக்கு எரியும். பாதுகாப்புக்காக விட்ட அந்த வெற்றிடம், வண்டிகள் நெருங்கி ஓட முடியாமையாகவும் ஆயிற்று.

நெருக்கடி தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பொதுச்சேவை ஆணையத்துக்காக இத்தடத்தை ஆராய்ந்த பயன் ஆர்னால்டு, இறுக்கம் நிலையங்களில்தான் இருக்கிறது என்று கண்டார். முன்வண்டி நிலையத்தை விட்டு நகரும்வரை பின்வண்டி வெகுதூரத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. பெட்டியின் நடுவிலும் கதவு வைத்து ஏறி இறங்கும் நேரத்தைக் குறைப்பது ஒரு வழி. மெதுவாக வரும் வண்டிக்கு நிறுத்தத் தூரம் குறைவு, எனவே மெதுவாக வருவதை உறுதிசெய்துகொண்டு நெருங்க விடலாம் என்பது இன்னொரு வழி. நேரச் சிக்னல் என்ற யோசனையின் வேர் இங்கே இருக்கிறது. ஒரு புள்ளியைத் தாண்டிய வண்டி குறித்த நொடிகளுக்கு முன்பே அடுத்த சிக்னலை அடைந்தால் சிவப்பு மாறியிராது, இரும்புக்கை நிமிர்ந்தே நிற்கும். பொறுமையாக வந்தால் வழி திறக்கும். பின்னாளில் ரயிலை மெதுவாக்கியது என்று பழி சுமந்த இதே உத்திக்கு, அதிக ரயில்களை ஓட்டச் செய்வதும் ஒரு வேலையாக இருந்தது.

அதன் இன்னொரு வேலை வளைவுகளையும் இறக்கங்களையும் காவல் காப்பது. அந்தக் காவல் ஏன் தேவை என்பதை 1918 நவம்பர் 1 மாலை காட்டியது. பிரூக்ளின் ரேபிட் டிரான்சிட் நிறுவனத்தில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். பயிற்சி போதாத ஓர் அலுவலரை ஓட்டுநராக அமர்த்தினார்கள். அவர் இன்புளுவென்சா காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர், குழந்தையை இழந்தவர். மால்போன் தெருவருகே சுரங்கத்துக்குள் நுழையும் வளைவில் மணிக்கு 6 மைல்தான் போகலாம். வண்டி அதைப்போல் பல மடங்கு வேகத்தில் வந்து தடம்புரண்டது. மரப்பெட்டிகள் சுவரில் மோதிச் சிதறின. குறைந்தது 93 பேர் இறந்தனர். பிறகு அந்தத் தெருவின் பெயரையே எம்பயர் பொலிவார்டு என்று மாற்றினார்கள். பெயரை மாற்றுவது எளிது. வேக வரம்பைப் பலகையில் எழுதிவிட்டு ஓட்டுநரை நம்பியிருந்த முறை அப்படி எளிதில் மாறவில்லை.

தானியக்கத்தின் ஒரு கிளைக்கதை: 1962 ஜனவரியில் டைம்ஸ் சதுக்கத்துக்கும் கிராண்டு சென்ட்ரலுக்கும் இடையே தானாகவே ஓடும் ரயில் ஒன்றைப் பயணிகளோடு ஓட்டிக் காட்டினார்கள். 1964 ஏப்ரலில் நேர்ந்த தீவிபத்தில் அது எரிந்துபோனது. சோதனையும் அதோடு நின்றது.

1995 ஜூன் 5 காலை நடந்ததே இந்த வரலாற்றின் திருப்பம். வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த எம் ரயிலின் பின்பக்கத்தில் ஜே ரயில் மோதியது. ஜே ரயிலின் ஓட்டுநர் இறந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அந்த ஓட்டுநர் சிவப்பைத் தாண்டியிருந்தார். இரும்புக்கையும் தன் கடமையைச் செய்தது, அவசர பிரேக் பிடித்தது. ஆனாலும் வண்டி நிற்கத் தேவையான தூரம் மிச்சமில்லை. அங்கிருந்த சிக்னல் இடைவெளி 1918 காலத்துக் கணக்கு. அன்றைய வண்டிகளைவிடக் கனமும் வேகமும் கூடிய வண்டிகள் பின்னாளில் அந்தப் பாதையில் வந்துவிட்டன. இதைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை வெளிப்படுத்தியது.

அதற்குப் பிறகு செய்யக்கூடியவை இரண்டு. கம்பங்களைப் பெயர்த்து இடைவெளியை மாற்றலாம். அல்லது வண்டியை அந்தப் பழைய இடைவெளிக்குள் அடக்கலாம். முதலாவது பல ஆண்டு வேலை, பெருஞ்செலவு. ஆகவே வண்டியை அடக்கினார்கள். மோட்டார்களை மாற்றியமைத்து உச்சவேகத்தைக் குறைத்தார்கள். நேரச் சிக்னல்களை ஊரெங்கும் பெருக்கினார்கள். இதைத் தவறென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அதன் பின்விளைவை யாரும் அளந்து பார்க்காமல் விட்டது தவறுதான்.

அந்த விளைவைச் செய்தது இயந்திரம் மட்டுமல்ல. இரும்புக்கை தட்டி வண்டி நின்றால் ஓட்டுநர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரும். பலகை 20 மைல் என்றாலும், அந்தச் சிக்னலின் கடிகாரம் பிசகி 17-க்கே தட்டுமானால்? அதை ஒருமுறை பட்டறிந்தவர் அடுத்த முறை 13-இல்தான் வருவார். புதிதாகச் சேர்ந்தவருக்கும் அதையே சொல்லிக்கொடுப்பார். எழுதப்பட்ட வரம்புக்குக் கீழே, எழுதப்படாத இன்னொரு வரம்பு இப்படித்தான் உருவாயிற்று. அப்படி மெதுவாக வந்த வண்டிக்கு அடுத்த ரயிலும் அதற்கும் அடுத்ததும் பிந்தின. தாமதத்துக்கு நெரிசலே காரணம் என்று பதிவேடுகள் எழுதிக்கொண்டிருந்தன.

2017 ஜூனில் மாநில ஆளுநர் நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்குச் சேவை சீர்குலைந்தது. அடுத்த ஆண்டு பைஃபோர்டு அமைத்த குழு, பாதை பாதையாக ஓடி நேரச் சிக்னல்களைச் சோதித்தபோது, பிசகிய கடிகாரங்கள் பல அகப்பட்டன. பிரூக்ளினின் நான்காம் அவென்யூ தடத்தில் சில இடங்களில் 15 மைலாக இருந்த வரம்பு 2019 தொடக்கத்தில் 30 மைல்வரை உயர்ந்தது. அதற்குப் புதுத் தண்டவாளமோ புது ரயிலோ தேவைப்படவில்லை.

துண்டு துண்டாகப் பிரிக்கும் முறையையே கைவிடுவதுதான் நிலையான தீர்வு என்பது 1990-களிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. எல் தடத்துக்கு 1999-இல் ஒப்பந்தம் போட்டார்கள். ரயில் தன் இருப்பிடத்தையும் வேகத்தையும் வானொலி அலையில் ஓயாமல் சொல்லும். முன்வண்டியின் வாலிலிருந்து அப்போதைக்கப்போது கணக்கிட்ட நிறுத்தத் தூரம் பின்வண்டியோடு சேர்ந்தே நகரும். எல் தடத்தில் இது முழுமை பெறப் பத்தாண்டு ஆயிற்று. ஏழாம் எண் தடத்தில் 2018 நவம்பரில் முடிந்தது. இரண்டிலும் ஓட்டுநர் இன்னும் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். வானொலித் தொடர்பு அறும் நாளுக்காகப் பழைய மின்சுற்றுகளில் ஒரு பகுதியையும் சில சிக்னல்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அவற்றின் பக்கத்தில் இரும்புக்கையும் இருக்கிறது; வானொலியின் சொல்லுக்கு ஓடும் வண்டி நெருங்கும்போது தாழ்ந்து வழிவிடுகிறது.