கிணற்றடியும் மண்ணெண்ணெயும்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர் நல்லூர் அரண்மனையிலிருந்து தொடங்குவர். பின்னர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆண்டவர்களின் வரிசை வரும். அவ்வரிசையில் கிணற்றடிக்கு இடமில்லை. ஆயினும் இம்மண்ணில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், யார் யாருக்காக உழைத்தனர், எந்தச் சக்தி எவர் கையில் இருந்தது என்பவற்றை அறிய விரும்பும் மாணவன் முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் தோட்டக் கிணறே ஆகும். கடந்த எழுபது ஆண்டுகளில் அக்கிணற்றடிக்கு எண்ணெய் வந்ததும், வராமற் போனதும், இறுதியில் எண்ணெய் கிணற்றுக்குள்ளேயே இறங்கியதும் ஒரு தொடர்கதை. அக்கதையை ஒருமுறை கோவைப்படுத்திப் பார்ப்பது இன்றைய தேவை.

தீபகற்பத்தில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே ஆறென்ற பெயர் பெற்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் பருவமழை சுண்ணாம்புக் கற்பாறையின் துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கித் தங்குகிறது. அங்கே அது கீழிருக்கும் உவர்நீரின்மேல், பாலின்மேல் ஆடை போல, மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராயும் அடிநீர் உவராயும் இருப்பதன் மருமம் இதுவே. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து 40 அடி உவர்நீர் ஏறும் என்பது அக்கணக்கின் மறுபக்கம். இந்த எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இந்நீரை மேலே கொணர முன்னோர் கையாண்ட கருவி துலா. ஆடுகாலில் பொருத்திய நீண்ட மரம். அதன் நுனியில் துலாக்கொடி. கொடியின் முனையில் பனையோலையால் இழைத்த பட்டை. ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். வேறொருவர், சில இடங்களில் இருவர், துலாவின்மீது ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். இன்னொருவர் வாய்க்கால் வழியே வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் கட்டுவார். விடியுமுன் தொடங்கும் இறைப்பு வெயில் ஏறும்வரை நீளும். புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் இக்கால்களின் சக்தியால் விளைந்தன.

அக்கால்கள் யாருடையவை? அயலவர் முறைவைத்து ஒருவருக்கொருவர் இறைத்துக் கொடுத்த சிறுதோட்டங்கள் உண்டு. ஆனால் நிலமுடையோரின் தோட்டங்களில் துலா மிதித்தவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலியுழைப்பாளர். பிறர் பயிருக்குப் பொழுதெல்லாம் நீர் இறைத்தவன், தன் தாகத்துக்கு ஊர்க்கிணற்றில் வாளியிட முடியாது. யாரேனும் இரங்கி அள்ளி ஊற்றும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். நீரை மேலே கொணரும் சக்தி அவனுடையது, நீரோ அவனுடையதன்று. பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் சுரண்டலை எங்கள் கிணற்றடி ஒரே காட்சியில் காட்டிவிடுகிறது!

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்குள் பரவின. சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, சூடேறியதும் மண்ணெண்ணெயில் தொடர்ந்து ஓடும் அவ்வியந்திரம் மூவர், நால்வர் செய்த வேலையை ஒருவர் கைக்குக் கொண்டுவந்தது. 1956இல் யாழ்தேவி புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1958இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. வடக்கும் தெற்கும் நெருங்கின, சந்தை விரிந்தது. துலா மிதித்த முதுகெலும்புகள் நிமிர்ந்தன. இதனை முன்னேற்றம் என்று கூற நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆயினும் இயந்திரம் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. பஸ்ஸும் புகைவண்டியும் வந்த பின்னரும், ஒடுக்கப்பட்டோர் அவற்றின் ஆசனங்களில் சமமாக அமர்வதைத் தடுத்தோர் இருந்தனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், 1966 ஒக்டோபர் 21இல், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாகச் செல்ல வேண்டியிருந்தது. தேநீர்க் கடையிலும் கோயிலிலும் நுழையும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. காலின் சுமையை இயந்திரம் இறக்கும். சாதியின் சுமையை இறக்க மனிதரே திரள வேண்டும்.

1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் தோட்டங்கள் செழித்தன. படித்த இளைஞரும் மண்வெட்டி பிடித்தனர். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் அச்செழிப்பு ஆட்டங் கண்டது. இதற்கிடையில் கிணற்றின் அடியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. துலா தன் எல்லையைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. கால் களைத்தால் இறைப்பு நிற்கும். இயந்திரத்துக்குக் களைப்பில்லை. கடலோரத்தை அண்டிய பல கிணறுகள் உவராயின. அளவுக்கு மிஞ்சி இட்ட இரசாயன உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலந்திருப்பதை 1980களின் ஆய்வுகள் காட்டின. மேலே ஓரடி, கீழே 40 அடி என்ற கணக்கு எவருடைய இலாபத்துக்காகவும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டி நின்றது, மின்சாரம் அறுந்தது, பொருளாதாரத் தடை இறங்கியது. பெற்றோல், டீசல், மின்கலம், உரம், சவர்க்காரம் எனத் தடையும் கட்டுப்பாடும் பலவற்றைப் பற்றின. மண்ணெண்ணெய் மருந்தைப் போல அளந்து பயன்படுத்தப்பட்டது. ஒரு தலைமுறையாகத் துலாவை மறந்திருந்த தோட்டங்கள் சிலவற்றில் அது மீண்டும் நிமிர்ந்தது.

அப்பத்தாண்டின் கண்டுபிடிப்புகளை எந்தக் காப்புரிமை அலுவலகமும் பதிவு செய்யவில்லை. ஜாம் போத்தலுக்குள் மெல்லிய திரியிட்டு, மிகச் சிறிதளவு மண்ணெண்ணெயில் இரவெல்லாம் எரியும் விளக்கைச் செய்தனர். அதன் ஒளியில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். மோட்டார்ச் சைக்கிளும் காரும் சில துளி பெற்றோலால் எழுப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியின் சக்கரத்தைக் கையாலும் காலாலும் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். அச்சுத் தாள் இல்லாதபோது ‘உதயன்’ நாளிதழ் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் வெளிவந்தது. நோயாளியையும் விறகையும் ஒரு வீட்டின் தட்டுமுட்டு முழுவதையும் சுமந்த துவிச்சக்கர வண்டியே அக்காலத்தின் தேசியப் போக்குவரத்து.

இவற்றைப் பெருமையோடு நினைவுகூரலாம். ஆனால் பெருமையில் மயங்குதல் ஆகாது. வறுமையின் சாமர்த்தியத்தைப் பாடிக்கொண்டிருப்பவன், வறுமையைத் திணித்தவனை மறந்துவிடுகிறான். ஊசி முனையளவு எண்ணெயை மிச்சம்பிடிக்க ஒரு சமூகம் தன் அறிவு முழுவதையும் செலவிட நேர்ந்தமை வெற்றியன்று. அது சுமத்தப்பட்ட தண்டனை. மருந்தும் மின்சாரமும் இன்றி இயங்கிய மருத்துவமனைகளில் மடிந்தோருக்கு எந்தச் சாமர்த்தியமும் கைகொடுக்கவில்லை.

2002இல் கண்டிவீதி திறந்தது. 2006இல் மீண்டும் மூடியது. 2009இல் போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரில் புகைவண்டி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. கடன்முறையில் மோட்டார்ச் சைக்கிளும் தொலைக்காட்சியும் வீடு தேடி வந்தன. ஒளி வந்தது என்று மக்கள் மகிழ்ந்தனர். அவ்வேளையிலேயே சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணற்று நீரில் எண்ணெய் படர்ந்தது!

சுன்னாகம் பல காலமாக மின்னுற்பத்தி நடந்த இடம். போருக்குப் பின் அங்கே தனியார் நிறுவனமொன்றும் எண்ணெயால் மின் உற்பத்தி செய்தது. கற்பாறையின் வெடிப்புகள் மழைநீருக்கு மட்டும் வழிவிடுவன அல்ல. மேலே சிந்துவது எதுவாயினும் கீழே இறங்கும். மக்கள் வீதியில் இறங்கினர்; நிபுணர் குழுக்களின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன; வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அந்நிறுவனத்தைப் பணித்தது. நீதி கிடைத்தது என்று எழுதிவிடலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றைப் பிளாஸ்ரிக் தாங்கியின் முன் வரிசையில் நின்று மறந்த தாய்க்கு அத்தொகை எதனைத் திருப்பித் தரும்?

அடுத்த பாடத்தை 2022 புகட்டியது. அந்நியச் செலாவணி வற்றிய நாட்டில் எரிபொருளுக்கு நெடு வரிசைகள் நின்றன. பரண்களிலிருந்து துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் இறங்கின. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. தோட்டக்காரனின் இறைப்பும் மீனவனின் படகும் ஒரே அடியில் தடுமாறின. தடை விதிக்கும் அரசு வேண்டியதில்லை. விலையே தடையாக வர முடியும் என்பதை அன்று கண்டோம்.

ஆகவே இன்று சூரியனையும் காற்றையும் நோக்கி நாம் திரும்புவதில் வியப்பில்லை. தீபகற்பத்தின் தலைவாசலாகிய பளைப் பகுதியில் காற்றாலைகள் சுழல்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் இயந்திரங்களால் ஒளிபெற்று வந்த தீவுகள். சூரியனும் காற்றும் மின்கலமும் இணைந்த திட்டம் அவற்றுக்கென வகுக்கப்பட்டு, 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, அத்திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் அதனை நிறைவேற்ற உடன்பாடு ஏற்பட்டது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நன்கொடைத் தொகை 1 கோடி 10 இலட்சம் டொலர். வல்லரசுகள் இரண்டு தீவுகளின் வரைபடத்தை விரித்துவைத்து வாதிட்டன. அனலைதீவின் மீனவனிடம் யார் கேட்டார்கள்? காற்று எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் காற்றாடிக்கு உடைமையாளன் உண்டு.

இன்னொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். சூரிய சக்தியில் இயங்கும் நீரிறைப்பு இயந்திரம் தோட்டக்காரனை எண்ணெய் விலையின் பிடியிலிருந்து விடுவிக்கும், அது வரவேற்கத்தக்கது. ஆனால் பொருத்திய பின் இறைக்கும் ஒவ்வொரு வாளிக்கும் செலவே இல்லை. காலின் களைப்பு முன்பு தடுத்தது. எண்ணெய் விலை பின்பு தடுத்தது. இனித் தடுப்பது எது? 1990இல் தமிழ்நாட்டில் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. சிறு உழவனுக்கு அது பெரும் ஆறுதலாயிற்று. அதே வேளையில் நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழ்துளைக் கிணறு தோண்டப் பணமுள்ளவன் கைக்கு நீர் போய்ச் சேர்ந்தது. அங்கே வறண்ட கிணற்றை நல்ல மழை ஓரளவு நிரப்பக்கூடும். இங்கே உவரேறிய கிணறு மீள நெடுங்காலம் செல்லும்.

கிணறு தனியொருவர் காணியில் இருக்கலாம். அதனடியில் இருக்கும் நீர் வேலிக்குக் கட்டுப்படுவதில்லை. அது ஊர் முழுவதற்கும் உரிய ஒரே பாத்திரம். எனவே சூரிய இயந்திரம் வரும் ஊரில், எவ்வளவு இறைக்கலாம் என்பதை அவ்வூரார் கூடித் தீர்மானிக்கும் அமைப்பும் வர வேண்டும். அதில் நிலமற்ற உழைப்பாளிக்கும், ஒரு காலத்தில் கிணற்றடியில் ஒதுங்கி நிற்கவைக்கப்பட்டவனின் பேரனுக்கும் சமமான குரல் வேண்டும்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடசாலையும் தன் அயலிலுள்ள பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதந்தோறும் அளந்து எழுதி வரலாம். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு கயிறும், சிறிய அளவுகருவியும், தவறாத ஒழுங்குமே போதும். சுன்னாகத்து மக்களிடம் அத்தகைய குறிப்பேடு ஒன்று முன்னரே இருந்திருக்குமாயின், நிபுணர்களின் வாதத்துக்காக அவர்கள் காத்து நின்றிருக்க வேண்டியதில்லை. நல்லூர் அரசரின் கொடிவழியை மனனஞ் செய்யும் மாணவன், தன் ஊர்க் கிணற்றின் வரலாற்றைத் தன் கையாலேயே எழுதத் தொடங்கட்டும்.