பாவும் ஊடையும்

ஒருவர் தம் ஊரை விட்டு வேற்றூர் செல்லும்போது உடன் கொண்டு செல்வனவற்றுள் மொழிக்கு அடுத்தபடியாக நிற்பது உடை. மொழியை வாய் திறந்தால்தான் பிறர் அறிவர். உடையோ வாய் திறவாமலே பேசும். ஆதலால் குடிபெயர்ந்த மக்களின் வரலாற்றை அறிய விழைவோர், அவர்தம் உடையின் வரலாற்றையும் அறிதல் வேண்டும். பெங்களூர்த் தமிழரின் வரலாறு இதற்கு ஏற்ற சான்றாகும்.

பெங்களூருக்குத் தமிழர் ஒரே காலத்தில் வந்தவரல்லர். நகரின் பழைய பேட்டைப் பகுதியில் தோட்டத் தொழிலால் சிறப்புற்ற திகளர், பண்டை நாளில் தமிழகத்திலிருந்து வந்தோர் எனக் கருதப்படுவர். சைத்ர மாதப் பௌர்ணமியன்று தர்மராயசுவாமி கோயிலில் நிகழும் கரக விழா அவர்களுடையது. திரௌபதியைப் போற்றும் அவ்விழாவில், கரகம் சுமக்கும் பூசாரி பெண்ணுடை தரித்து, வளையல் அணிந்து, தலையில் மல்லிகைக் கோபுரம் தாங்கி, இரவெல்லாம் பேட்டைத் தெருக்களில் வலம் வருவார். வாளேந்திய வீரகுமாரர் உடன் செல்வர். தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று செல்வது வழக்கம். என்றோ வந்து குடியேறியவர்கள் போற்றிய கோலம், இன்று பெங்களூர் நகரத்தின் கோலமாகவே யாவராலும் கொண்டாடப்படுகிறது.

தமிழர் பெருந்தொகையினராய் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அந்த வருகைக்குச் சற்று முன்னதாக நிகழ்ந்த ஒரு செய்தியை நாம் நினைவுகூர வேண்டும். 1805ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், சிப்பாய்களின் தோற்றத்தைப் பற்றிப் புதிய விதிகளைப் பிறப்பித்தார். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, மீசையும் கட்டளைப்படியே அமைதல் வேண்டும், பழைய தலைப்பாகைக்கு மாறாகத் தோற்பட்டம் பதித்த புதிய தலையணியைச் சூட வேண்டும் என்பன அவ்விதிகள். அதிகாரிகளுக்கு இவை ஒழுங்கு பற்றிய சிறு செய்திகள். சிப்பாய்களுக்கோ தம் சமயத்தையும் மானத்தையும் தீண்டிய செயல்கள். வேறு மனக்குறைகளும் உடன் சேர, 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. அக்கோட்டையில் காவலில் இருந்தவர் திப்பு சுல்தானின் மக்கள். அன்று அங்கே ஏற்றப்பட்டது மைசூர்க் கொடி. கிளர்ச்சி ஒரே நாளில் குருதி வெள்ளத்தில் அடக்கப்பட்டது. ஆயினும் அத்தலையணி ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும், சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். தலையில் அணியும் ஒரு பொருளுக்காக மக்கள் உயிரையும் கொடுப்பர் என்பதை ஆட்சியாளர் அன்று உணர்ந்தனர்.

அதே சென்னைப் படைதான் 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம் பெயர்ந்தது. கண்டோன்மென்ட் எனும் படைவீட்டு நகரம் எழுந்தது. படையின் பின்னே சமையற்காரர், தையற்காரர், சலவைத் தொழிலாளர், தோட்டக்காரர், வணிகர் என ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அல்சூரும் இன்றைய சிவாஜிநகரும் தமிழொலி மிக்க பகுதிகளாயின. அப்படைவீட்டு நகரம் 1947வரை ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்து, பின்னர் மைசூர் அரசைச் சேர்ந்தது.

இங்குக் கடல் கடந்த தமிழரின் நிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. 1894ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி காந்தியடிகளிடம் முறையிட வந்தார். முதலாளியால் அடியுண்டு முன்பற்கள் உடைந்து, வாயில் குருதி வழிய நின்ற அவர், தலைத்துணியைக் கையிலே பிடித்திருந்தார். வெள்ளையரைக் காணச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளி தலைத்துணியைக் கழற்றியே தீர வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். தம்மிடமும் அவ்வாறே வந்ததைக் கண்டு காந்தியடிகள் மனம் நொந்தார். துணியைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு கூறினார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட அத்தொழிலாளியின் முகத்தில் மகிழ்ச்சியைக் கண்டதாகத் தம் சுயசரிதையில் அவர் குறித்துள்ளார். அந்நாட்டில் தமிழனின் உடை அவனைப் பிறரினின்று பிரித்துக் காட்டியது. இழிவு செய்வோர்க்கு அடையாளமாகவும் அமைந்தது.

பெங்களூரில் நிலை முற்றிலும் வேறு. தமிழர் உடுத்த வேட்டியும் கன்னடர் உடுத்த பஞ்செயும் ஒன்றே. புடவையைக் கன்னடர் சீரெ என்பர்; சீரை என்பது ஆடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். நம் பழநூல்களில் வரும் குப்பாயமே கன்னடத்தில் குப்பசமாக வழங்குகிறது. ரவிக்கை இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே சொல். கொசுவம் வைக்கும் முறையிலும், தலைப்பாகை கட்டும் பாங்கிலும் குலத்துக்குக் குலம், ஊருக்கு ஊர் வேற்றுமை இருந்ததுண்டு. எனினும் அல்சூர்ச் சந்தையில் நின்ற இருவருள் தமிழர் யார், கன்னடர் யார் என்பதை உடையால் மட்டும் அறிதல் எளிதாக இருந்திராது. மொழி வேறுபடுத்திய மக்களை உடை அருகே கொண்டுவந்து நிறுத்தியது.

இவ்வுறவின் சிறந்த சின்னம் காஞ்சிபுரம் பட்டு. பெங்களூர்த் தமிழ் இல்லங்களின் திருமணத்தில் காஞ்சிப் பட்டுக்கு உள்ள மதிப்பை நேயர்கள் அறிவார்கள். அதனை நாம் தமிழகத்தின் தனிச்செல்வம் என்கிறோம். ஆனால் அந்தப் பட்டுநூல் எங்கிருந்து வருகிறது? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பை ஊக்குவித்தார். 1890களில் ஜாம்செட்ஜி டாட்டா, ஜப்பானிய வல்லுநரின் துணையுடன் பெங்களூரில் பட்டுப் பண்ணை ஒன்றை நிறுவினார். இன்று ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. காஞ்சிபுரத் தறிகளுக்கு நெடுங்காலமாகப் பெரும்பகுதி நூலை அளித்து வருவது கர்நாடகமே. சரிகையைத் தந்து வந்தது குஜராத்தின் சூரத்து நகரம். ஆகவே பெங்களூரில் மணமகள் உடுத்தும் பட்டு, கன்னட மண்ணின் முசுக்கட்டை இலையில் பிறந்து, தமிழ்நாட்டுத் தறியில் வளர்ந்து, மீண்டும் பிறந்த மண்ணுக்கே வந்து சேர்ந்த பட்டாகும்.

நெய்தவர் வரலாறும் இத்தகையதே. தமிழகத்தின் நெசவாளருள் தேவாங்கர் பலரின் வீட்டுமொழி கன்னடமோ தெலுங்கோ ஆகும். மதுரைச் சுங்குடிச் சேலையைப் புகழுறச் செய்த சௌராஷ்டிரர், மேற்குக் கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள். மறுபுறம், 1884இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் பின்னி ஆலை எனப் பெயர் பெற்ற பெங்களூர் நெசவாலையில் உழைத்தவருள் தமிழர் பலர் இருந்தனர். குடிபெயர்ந்தவர் கைபடாமல் நம் மரபுடை உருவானதில்லை.

காலம் மாறியது. அலுவலகமும் ஆலையும் ஆடவரின் உடையை முதலில் மாற்றின. மேற்சட்டையும் கோட்டும் வந்தன. பின்னர் வேட்டியின் இடத்தைக் காற்சட்டை பற்றியது. பெண்டிர் நெடுநாள் புடவையைப் போற்றினர். இன்று மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் இளந்தலைமுறையினர்க்கு வேட்டியும் புடவையும் பெரும்பாலும் பொங்கலுக்கும் திருமணத்துக்கும் உரியவை. இதற்காக வருந்திப் பயனில்லை. உடை மாறுவது உலக இயல்பு. ஆனால் அதன் வரலாறு மறக்கப்படுமானால் இழப்பு பெரிது.

1991 டிசம்பரில் காவிரிப் பூசலை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் பலர் தாக்குண்டனர். உயிரும் உடைமையும் இழந்தனர். அத்தகைய நாள்களில் தம்மை இன்னார் என்று காட்டும் எந்த அடையாளமும் ஒருவருக்கு அச்சந் தருவதாகும். அதே ஆண்டில் திறப்பு விழாக் காணவிருந்த அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை, 2009வரை மூடியே கிடந்தது. அது திறக்கப்பட்ட அதே மாதத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. அறிவுடையோர் பகையை மாற்றும் முறை இதுவே.

தறியில் பாவு ஒரு திசையிலும் ஊடை மற்றொரு திசையிலும் செல்லும். இரண்டும் கூடினாலன்றித் துணி இல்லை. காஞ்சி நெசவாளர் வேறு நிறக் கரையை உடலோடு பிணைக்கும் முறையைக் கோர்வை என்பர். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று அதனைப் பெருமையோடு கூறுவர்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெருமக்கள் தம் மக்களுக்குப் பட்டும் வேட்டியும் வாங்கித் தருகிறார்கள். அவற்றைத் தரும்போது, நூல் விளைந்த நிலத்தையும், நெய்த கைகளையும், அவை கடந்து வந்த வழிகளையும் உடன் எடுத்துரைப்பார்களாக. தாம் உடுத்தும் துணியில் அயலாரின் உழைப்பும் கலந்துள்ளது என்பதை அறிந்த பிள்ளை, தன் மரபை வெட்கமின்றி அணியும். அயலாரின் மரபையும் மதித்துப் போற்றும்.