இரண்டரை ஆள் படுக்கும் அறை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், இரவில் ஒரு வீட்டுக்குள் எத்தனை பேர் படுக்கலாம் என்பதை வாசற்கதவே சொன்ன காலம் உண்டு. கதவில் சிறிய உலோகத் தகடு அறைந்திருக்கும். அறையின் கொள்ளளவு எத்தனை கன அடி, அதற்கு எத்தனை பெரியவர்கள் என்று இரண்டே எண்கள். சில தகடுகளில் 'இரண்டரை' என்றும் இருக்கும். எட்டு வயது நிரம்பாத பிள்ளை அரை ஆள்!

1801இல் சுமார் 77 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் அது. ஆலை வேலை தேடி அயர்லாந்திலிருந்தும் வடக்கு மலைநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து குவிய, 1861இல் மக்கள்தொகை நாலு லட்சத்தை நெருங்கிவிட்டது. பழைய கல் கட்டடங்களைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். ஒற்றை அறை வீட்டுக்கு 'சிங்கிள் எண்ட்' என்று பெயர். சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அதற்குள்தான்.

டைஃபஸ் காய்ச்சல் அலை அலையாக வந்தது. 1862ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம், 2,000 கன அடிக்கு மேற்படாத சிறிய வீடுகளை அளந்து தகடு அடிக்கும் அதிகாரத்தைத் தந்தது. பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி. தரையை விட்டுவிட்டுக் காற்றை ஏன் அளந்தார்கள்? கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று அன்றைய மருத்துவம் நம்பியது. டைஃபஸைப் பரப்புவது உடைப் பேன் என்று ஷார்ல் நிக்கோல் கண்டுபிடித்தது 1909இல்தான். காரணம் பிசகினாலும், நெரிசலைக் குறைத்தால் பேனும் குறையும் என்பதால் ஏற்பாடு முழுக்க வீணில்லை.

எண்ணிக்கை சரிபார்க்கச் சுகாதார ஆய்வாளர்கள் நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டினார்கள். தூங்குகிறவர்களை எண்ண வேறு நேரம் ஏது? மாடிப்படியில் காலடி கேட்டதும் உபரி ஆட்கள் அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்தார்கள். சிலர் கூரைமேல் ஏறினார்கள். ஊரிலிருந்து வந்த தம்பியா, காசு கொடுத்துத் தங்கும் அந்நியரா என்பதெல்லாம் கணக்கில் வராது. தலைதான் கணக்கு.

அந்த அந்நியரை வேண்டாமென்று சொல்லவும் முடியவில்லை. அவர் தரும் சில்லறையில்தான் பல குடும்பங்கள் வாடகை கட்டின. நகரின் தலைமை சுகாதார மருத்துவர் ஜேம்ஸ் பர்ன் ரஸ்ஸல் 1888இல் ஓரறை வாழ்க்கை பற்றி ஆற்றிய உரையில் இதைப் புள்ளிவிவரத்தோடு சொன்னார்: ஓரறை வீடுகளில் நூற்றுக்கு 14இலும், ஈரறை வீடுகளில் நூற்றுக்கு 27இலும் வெளியாள் தங்கியிருந்தார். சட்டத்தின் குறை இங்கேதான். விரட்டப்பட்டவர் படுக்க வேறு இடம் எங்கே என்ற கேள்விக்குத் தகட்டில் பதில் இல்லை. அவர் அடுத்த தெருவில் இன்னொரு அறைக்குப் போனார். அங்கே நெரிசல் கூடியது.

பிறகு 1890இல் அளவைக் கடுமையாக்கி, பெரியவருக்கு 400 கன அடி என்றார்கள். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரம் உள்ள அறை என்றால் 900 கன அடி. பழைய கணக்கில் அதில் மூன்று பேர் படுக்கலாம். புதிய கணக்கில் இரண்டே கால் ஆள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கைக்குழந்தையும் இருந்தாலே, விருந்தாளி படியேறும் முன்பே கால் ஆள் அதிகம்.