கட்டமிட்ட திரையின் முன்

ஆஸ்டின் டவுனில் நம்மவர் இல்லங்களுக்குள் நுழைந்தால், கூடத்துச் சுவரில் மாலையிட்ட நிழற்படமொன்றைக் காணலாம். நல்லாடை உடுத்து, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி நின்று, காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படம் அது. படத்தில் இருப்பவர் யார், எவ்வூரினின்று வந்தவர் என்பதை வீட்டுப் பிள்ளைகளும் சொல்லுவர். ஆனால், 1809இல் இந்நகரில் கண்டோன்மென்ட் அமைந்த பின்னர்ச் சென்னை மாகாணத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோருள் பெரும்பாலோர்க்கு அத்தகைய படம் வாய்க்கவில்லை. அவர்களையொத்த எளியோரைப் படம் பிடித்தவர் வேறொருவர். பிடித்த காரணமும் வேறு. அக்காரணத்தையும், அதற்கு நம் நகரத்துக் கலைஞர் ஒருவர் அளித்த மறுமொழியையும் ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

1857ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின், தாம் ஆளும் மக்கள் யாவர் என்று அறிந்துகொள்ளும் வேட்கை ஆங்கில அரசுக்கு மிகுந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் நூலில் 468 நிழற்படங்கள் உள்ளன. ஒவ்வொரு படத்தையும் அடுத்து, இக்குலத்தார் இத்தகைய குணமுடையோர் என்னும் தீர்ப்பும் உண்டு. மனிதனைப் பார்த்து எழுதியதன்று. வகையை எழுதிவிட்டு மனிதனைத் தேடியது எனலாம். 1869இல் லாம்ப்ரே என்பார், இரண்டு அங்குலக் கட்டங்களாக நூல் கட்டிய சட்டத்தின் முன் ஆளை நிறுத்தி அளக்கும் முறையை வகுத்தார். 1890களில் அந்தமானில் போர்ட்மன் என்னும் அதிகாரி, அத்தீவின் குடிகளைக் கட்டமிட்ட திரையின் முன் ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்தார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனோ, அளவுக் கருவிகளுடன் ஊர் ஊராகச் சென்று மூக்கையும் மண்டையையும் அளந்தார். தம்மைக் கண்டு மக்கள் ஓடியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலை இன்றும் நாம் எடுத்தாளுகிறோம். அதிலுள்ள படங்களில் நிற்போரின் பெயரைக் கேட்போர்தாம் அரியர்.

இவ்வரிசையில் நெஞ்சை அறுப்பவை தாது ஆண்டுப் பஞ்சத்தின் படங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் அப்பஞ்சம் சூறையாடிற்று. 1871இல் ஐம்பது இலட்சத்தைச் சற்றே கடந்திருந்த மைசூரின் மக்கள்தொகை, 1881இல் நாற்பத்திரண்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. அப்போது மைசூரும் ஆங்கிலேயர் ஆட்சியிலேதான் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியம் போதுமென வகுத்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்பும் தோலுமாய் இருந்தவர்களைக் குழுக்குழுவாக அமர்த்தி, குடும்பப் படம் எடுப்பதுபோல் எடுத்தார். பெங்களூரில் உதவிக்காகக் காத்திருந்தோரின் சித்திரம் 1877 அக்டோபரில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அப்படங்களைக் கண்டு அங்கே இரங்கியோரும் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. எனினும் படத்தில் இருந்தவனை ஒருவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

இனி நம் நகரத்துக்கு வருவோம். 1956இல் பெங்களூரில் பிறந்த சிற்பக் கலைஞர் என். புஷ்பமாலா, நிழற்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து, 2000 முதல் 2004 வரை ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்’ என்னும் படவரிசையை உருவாக்கினார். தலைப்பே பழைய துரைமார் நூல்களைப் பார்த்துச் செய்த கேலி. இரவிவர்மாவின் நிலவொளி மங்கை, இலட்சுமி, வேளாங்கண்ணி மாதா, தோடர்குலப் பெண் என ஒவ்வொரு கோலத்திலும் புஷ்பமாலாவே நின்றார். மற்றொரு பிரிவில் அக்கோலங்கள் கட்டமிட்ட திரைக்கு முன் அளவுக் கருவிகளுடன், மங்கிய பழுப்பு வண்ணத்தில், ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்தவை போலவே தோன்றுகின்றன. முதலில் சிரிப்பு வரும். பிறகு அத்திரையின் முன் உண்மையாகவே நிறுத்தப்பட்டவளின் நினைவு வரும், சிரிப்பு அடங்கிவிடும்.

கிளேர் ஆர்னி ஸ்காட்லாந்தில் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்தவர். படக்கருவியின் பின்னே வெள்ளையர், முன்னே நம்மவர் என்னும் பழைய அமைப்பு அப்படியே இருக்கிறது. ஆயினும் எங்கே நிற்பது, எப்படிப் பார்ப்பது என்பதனை முன்னே நிற்பவளும் வகுக்கிறாள். பழைய படத்தில் இல்லாதது இந்த ஒன்றுதான். அனைத்தும் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

நகரத்துக் கலைஞர் ஒருவர் தோடர் பெண்ணின் கோலம் பூணுவதும் ஒருவகை ஆக்கிரமிப்பே அன்றோ என்பாரும் உளர். அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. நீலகிரியில் வாழும் அப்பெண்ணின் சொந்தக் குரல் இவ்வரிசையிலும் இல்லை. ஆனால், அவளைப் பார்த்த கண்ணின் ஆணவத்தை இவ்வரிசை தோலுரித்துக் காட்டுகிறது. அவ்வளவே அது மேற்கொண்ட பணி என்று கொள்கிறோம்.

இக்கட்டுரையோடு ஹூப்பரின் பஞ்சப் படமொன்றை அச்சிட வேண்டுமென்று முதலில் விரும்பினோம். படத்தைத் தேர்ந்தும் விட்டோம். அதன் அடியில் என்ன எழுதுவது என்று வந்தபோது, ஆங்கிலேயர் எழுதிய வரியைத் தவிர வேறொன்றும் நம் கையில் இல்லை. அப்படத்தில் ஒரு தாய் இருக்கிறாள். அவள் ஆர்க்காட்டுப் பக்கத்தவளாகவும் இருக்கலாம், நம்முள் ஒருவருக்குப் பாட்டியின் பாட்டியாகவும் இருக்கலாம். படத்தை எடுத்து வைத்துவிட்டோம்.