முதன்முறை பள்ளி செல்லும் குழந்தையின் அச்சமும் படப்புத்தகங்களும்

ஆரணியில் பட்டு நெசவுத் தறிகள் பல வீடுகளுக்குள்ளேயே இயங்குகின்றன. தறிச் சத்தத்தில் உறங்கி விழிக்கும் குழந்தைக்குத் தாயும் தந்தையும் எப்போதும் கூப்பிடு தொலைவில் இருக்கின்றனர். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இந்நிலை ஒரே நாளில் மாறிவிடுகிறது. அழுகை, காலை நேர வயிற்றுவலி, உணவு மறுத்தல், இரவில் படுக்கையை நனைத்தல் ஆகியவை இதனால் தோன்றலாம். இவற்றைப் பிடிவாதம் எனக் கருத வேண்டாம். அம்மா திரும்பி வருவாரா என்னும் ஐயமே இவ்வாறு வெளிப்படுகிறது.

"நான்கு மணிக்கு வருவேன்" என்பது மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்குப் பொருள்படாது. பள்ளி வாயில், வகுப்பறை, மதிய உணவு, மணியோசை, அழைத்துச் செல்ல வந்து நிற்கும் அம்மா என வரிசையாகப் படங்களைப் பார்க்கும்போது, பள்ளி நாளுக்கு ஒரு முடிவு உண்டு என்பது அதற்குப் புலப்படும். ஒரே புத்தகத்தை மீண்டும் மீண்டும் கேட்டாலும் சலிக்காமல் காட்டுங்கள். அடுத்து வருவது இன்னதென்று அறிந்திருப்பதே குழந்தைக்கு ஆறுதல்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் முன்பே தொடங்கவும். நாள்தோறும் பத்து நிமிடங்கள் போதும். குழந்தையை மடியில் அமர்த்தி, பக்கங்களை அதுவே புரட்ட விடுங்கள். "இந்தப் பாப்பா ஏன் அழுகிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தன் அச்சத்தை நேரே சொல்லத் தயங்கும் குழந்தை, படத்திலுள்ள பாப்பாவின் மேல் ஏற்றிச் சொல்லிவிடும். எழுத்தறியாத பாட்டியும் படம் பார்த்துக் கதை சொல்லலாம். அழாத குழந்தையே நல்ல குழந்தை என்று அறிவுரை கூறும் புத்தகங்களை மட்டும் தவிர்க்கவும். அவை அச்சத்தை மறைக்கவே கற்றுத்தரும்.

சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் 1996 முதல் குழந்தை நூல்களை வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். ஆயினும், நீங்களே வரையும் புத்தகம் இவற்றினும் சிறந்தது. நான்கு தாள்கள் போதும்: உங்கள் தெரு, பள்ளி, கழிப்பறை, தறியை நிறுத்திவிட்டு அழைத்துவரப் புறப்படும் நீங்கள். ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

கழிப்பறைப் படத்தை விட்டுவிடாதீர்கள். புதிய கழிப்பறைக்கு அஞ்சி நாள் முழுவதும் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் குழந்தைகள் உண்டு. இதனால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் ஏற்படலாம். யாரிடம், எந்தச் சொல்லால் கேட்க வேண்டும் என்பதையும் படத்தைக் காட்டியே பழக்குங்கள்.

பள்ளி தொடங்கியபின், வாயிலில் சுருக்கமாக விடைபெறுங்கள். சொல்லாமல் மறைந்து செல்ல வேண்டாம். சொன்ன நேரத்தில் வந்து நில்லுங்கள். படத்தில் காட்டியது அப்போதுதான் உண்மையாகும்.

பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் பழகிவிடுவர். அச்சம் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், உடல் எடை குறைந்தாலும், பேச்சு நின்றுபோனாலும், சிறுநீர் கழிக்கையில் வலியோ காய்ச்சலோ இருந்தாலும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும். குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு மட்டும் குழந்தை அஞ்சினால், காரணத்தை உடனே பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய இலவச எண்களை அழைக்கலாம்.