காற்றா, அணுவா? கரையோரம் எழுந்த வினா

சமயபுரத்தில் சித்திரைத் தேர் ஓடும் நாள்களில் கொள்ளிடக் கரையிலிருந்து கோயில் வாசல் வரை இரவும் பகலாகிவிடுகிறது. அந்த விளக்குகளும், ஆற்று மணலின் அடியிலிருந்து குடிநீரை மேலேற்றும் மோட்டார்களும், வயலுக்கு நீர் இறைக்கும் பம்புசெட்டுகளும், திருவெறும்பூரில் 1965 முதல் இயங்கிவரும் பெல் கொதிகலன் ஆலையும் ஒரே மின்சாரத்தை உண்டுதான் வாழ்கின்றன. அது எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. விளக்கு அணைந்தால் மட்டுமே கேட்கிறோம்.

நம் பாட்டனார் காலத்தில் இதற்கு விடை எளிது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. 1937-இல் அங்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. காவிரித்தாய் வயலையும் நனைத்தாள், விளக்கையும் ஏற்றினாள். பின்னர்த் தேவை வளர்ந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி வந்தது. 1983-இல் கல்பாக்கம் அணு உலை இயங்கத் தொடங்கியது. அப்பொழுதும் பற்றாக்குறை தீரவில்லை. அதைத் தீர்க்க எண்பதுகளின் பிற்பகுதியில் தமிழகத்தின் தென்கோடியில் இரண்டு முயற்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கின. ஒன்று காற்றை நம்பியது. மற்றொன்று அணுவை நம்பியது. இவ்விரண்டின் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பது நமக்கு நலம் பயக்கும்.

இரு முயற்சிகள்

1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழகத்தின் முதல் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் கயத்தாற்றிலும், ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலிலும் அவை பெருகின. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் இடைவெளிகளில் நெருக்கிப் பாயும் இடங்கள் அவை. இத்தொழில்நுட்பத்தில் நமக்குத் துணைநின்ற நாடுகளுள் டென்மார்க் குறிப்பிடத்தக்கது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் தடுமாறிய அச்சிறு நாடு, அணு உலை வேண்டுமா என்று பல ஆண்டுகள் விவாதித்தது. இறுதியில் 1985-இல் அதன் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் தன் திட்டத்திலிருந்து நீக்கியது. இன்று அங்கே மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றிலிருந்தே கிடைக்கிறது.

முப்பந்தலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் கூடங்குளம் இருக்கிறது. செர்னோபில் விபத்து நடந்து இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்த வேளையில், 1988 நவம்பர் 20 அன்று இராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் புதுதில்லியில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகளைச் சோவியத் நாடு அமைத்துத் தரும் என்பது அதன் சாரம். பேச்சிப்பாறை அணையிலிருந்து உலைகளுக்கு நீர் எடுப்பதென்று முதலில் திட்டமிடப்பட்டது. குமரி மாவட்ட உழவர்கள் அதை எதிர்த்தனர். பின்னாளில் அத்திட்டம் கைவிடப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் ஆலை அமைக்கப்பட்டது.

1989 மே முதல் நாளில், நீரையும் வாழ்வையும் காக்க அழைப்பு விடுத்து நாட்டின் இரு கடற்கரைகள் வழியாகவும் நடந்துவந்த மீனவர் பேரணி கன்னியாகுமரியில் நிறைவுற்றது. கூடங்குளத் திட்டத்துக்கான எதிர்ப்பும் அங்கே ஒலித்தது. கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது திட்டம் உறங்கியது. 1998-இல் இரஷ்யாவுடன் உடன்பாடு புதுப்பிக்கப்பட்டு, 2002-இல் கட்டுமானம் தொடங்கியது.

இடிந்தகரை

2011 மார்ச் 11 அன்று சப்பானின் புகுசிமா அணுமின் நிலையத்தை ஆழிப்பேரலை தாக்கியது. 2004 டிசம்பரில் அதே பேரலையால் அடிபட்ட நம் கடலோர மக்களுக்கு அச்செய்தி அயலார் செய்தியாகத் தோன்றவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் இடிந்தகரைத் தூய லூர்து அன்னை ஆலய வளாகம் போராட்டக் களமாயிற்று. வலை பின்னும் கைகளும் பீடி சுற்றும் கைகளும் அங்கே மாதக்கணக்கில் கூடின. முனைவர் சுப. உதயகுமார் இயக்கத்தின் குரலாக விளங்கினார். நவம்பரில் கூடங்குளம் வந்த அப்துல் கலாம், உலைகள் பாதுகாப்பானவை என்று தம் கருத்தை வெளியிட்டார். 2012 மார்ச்சில் தமிழக அரசு பணிகளைத் தொடர இசைந்ததோடு, அப்பகுதியின் வளர்ச்சிக்கென 500 கோடி ரூபாய்த் திட்டத்தையும் அறிவித்தது.

அந்த ஆண்டு நம் பகுதி எவ்வாறிருந்தது என்பதையும் மறக்கலாகாது. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன. பயிர் வாடியது, சிறுதொழில் கூடங்கள் முடங்கின, மாணவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தனர். இடிந்தகரையார் வழிமறிப்பதால்தான் இந்த இருள் என்று ஊரெங்கும் பேசிக்கொண்டனர். செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கூடிய மக்கள் மீது தடியடி நடந்தது. கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. அன்றே மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் மாண்டார். தேசத் துரோகப் பிரிவிலும் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதியப்பட்டன.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம், 15 கட்டளைகளோடு நிலையம் இயங்க அனுமதித்தது. போராடியோர் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில் முதல் உலையும், 2016-இல் இரண்டாம் உலையும் மின்தொகுப்பில் இணைந்தன. 2017-இலும் 2021-இலும் மேலும் நான்கு உலைகளுக்கான கட்டுமானம் தொடங்கப்பட்டது.

தராசின் இரு தட்டுகள்

இரு தரப்பையும் நடுநிலையோடு எடைபோட்டுப் பார்ப்போம். அணு உலை இரவு பகல் பாராது மின்சாரம் தருகிறது. நிலக்கரிபோல் புகையைக் கக்குவதில்லை. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தமிழகத்துக்கே வருகிறது. ஆனால் அதன் எரிபொருள் இரஷ்யாவிலிருந்து வர வேண்டும். எரிந்து முடிந்த எரிபொருளைப் பல தலைமுறைகள் காவல் காக்க வேண்டும். விபத்து அரிது, நேர்ந்தாலோ மண்ணே பகையாகிவிடும்.

காற்றுக்கு விலையில்லை, எந்த நாடும் அதை நமக்கு மறுக்க இயலாது. தமிழகத்தின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை வாரி வழங்கும் காற்று, மார்கழியிலும் தையிலும் கை விரித்துவிடுகிறது. டென்மார்க்குக்குக் காற்று ஓயும்போது கைகொடுக்க நார்வே, சுவீடன் நாடுகளின் நீர்மின்சாரம் உண்டு. நமக்கு அணைகளும் பெரும் மின்கலத் தொகுப்புகளும் பிற மாநிலத் தொடர்பும் வேண்டும்.

ஆகவே ஒன்றை முற்றும் நன்மை என்றும் மற்றொன்றை முற்றும் தீமை என்றும் தீர்ப்பிடுவது எளிதன்று. அதனினும் ஆழமான வினா ஒன்றுண்டு. அதை நமக்கு உணர்த்தியது மன்னார்.

மன்னார் சொல்லும் பாடம்

2022-இல் அந்நியச் செலாவணி வற்றியபோது இலங்கையால் எரிபொருள் வாங்க இயலவில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நாடு இருளில் கிடந்தது. சிறு நாட்டுக்கு எரிசக்திப் பாதுகாப்பு என்பது உயிர்ப் பாதுகாப்பே என்பதை அன்று உலகம் கண்டது. அணுமின்சாரம் பற்றிய பேச்சு அங்கும் உண்டு. ஆனால் நாட்டின் உச்சத் தேவையே சில ஆயிரம் மெகாவாட்தான். அத்தகைய மின்தொகுப்பில் 1,000 மெகாவாட் உலை ஒன்று திடீரென நின்றால் நாடே இருண்டுவிடக்கூடும். எனவே காற்றே இயல்பான துணை. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் கொண்ட 103.5 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது.

ஆயினும் 2025-இல், மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று மன்னார் மக்களே வீதிக்கு வந்தனர். மறைமாவட்டக் குருக்களும் உடன் நின்றனர். மழைநீர் வடியும் வழி அடைபடுகிறது, மீன்பாடு குறைகிறது, வலசை வரும் பறவைகள் மடிகின்றன என்பன அவர்கள் முறையீடு. ஆகஸ்டில் அரசு பணியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் காற்றாலை உதிரிகளைக் கொண்டுசென்றபோது காவல்துறையோடு மோதல் ஏற்பட்டது.

இடிந்தகரையில் அணுவை எதிர்த்ததும், மன்னாரில் காற்றை எதிர்த்ததும் கடலை நம்பி வாழும் எளிய மக்களே. இவர்கள் எதையும் எதிர்ப்பவர்கள் என்று சொல்லி நகர்ந்துவிடலாமா? கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் இசைவு 1989-லேயே வழங்கப்பட்டது. 1994-ஆம் ஆண்டின் அறிவிக்கைக்கு முந்தியது என்பதால் அவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்பே நடைபெறவில்லை. தூய்மையானது என்று போற்றப்படும் காற்றாலைக்கோ, 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடே கட்டாயமில்லை. எந்திரம் வேறு, கேட்காமை ஒன்றே.

விவிலியத்தில் ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பினான். வேறு தோட்டம் தருவதாகவும் பணம் தருவதாகவும் சொன்னான். மூதாதையர் சொத்தைத் தர இயலாதென்றான் நாபோத்து. கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று அவன்மேல் பொய்க் குற்றம் சாட்டிக் கொன்றனர். ஆகாபு கேட்டது ஒரு காய்கறித் தோட்டத்துக்காக. அரசுகள் கேட்பது நாட்டின் விளக்குக்காக. ஆதலால் ஒப்புமையை நீட்டலாகாது. எனினும் மறுப்பவனைத் துரோகி ஆக்குவது என்னும் பழைய வழி மட்டும் மாறவில்லை.

கேட்பதால் நாடு இருண்டுவிடாது. 2000-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரையொட்டிய கடலில் அமைந்த 20 காற்றாலைகளில் பாதி, ஆயிரக்கணக்கான பொதுமக்கள் உறுப்பினராயுள்ள கூட்டுறவுக்கு உரியது. தம் வீட்டுச் சன்னலில் தெரியும் ஆலை தமதே என்னும்போது அம்மக்கள் அதை ஏன் வெறுப்பர்? 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட சுற்றுமடலும், தாக்க மதிப்பீடு திட்டத்துக்கு முந்த வேண்டும், அவ்விடத்து மக்களுக்குச் சிறப்பிடம் வேண்டும் என்றே கற்பிக்கிறது.

அறிக்கை தமிழில் முன்கூட்டியே மக்கள் கையில் கிடைக்கட்டும். கிராமசபையில் அச்சமின்றிப் பேச இடமிருக்கட்டும். வருவாயில் ஊருக்குப் பங்கிருக்கட்டும். இவை மூன்றும் இருந்தால், காற்றா அணுவா என்ற விவாதத்தில் கரையோர மக்களும் அறிவோடு பங்கேற்பர். திருச்சியின் ஆலையில் அணுமின் நிலையங்களுக்கான நீராவி உற்பத்திக் கலங்களைச் செய்து அனுப்பும் நாம், அந்த மின்சாரத்தைத் துய்க்கவும் செய்கிறோம். அதன் சுமையைத் தாங்குவோர் யார் என்று கேட்பது நம் கடமையல்லவா?