குனிந்து எடுத்த கைகள்

கரையான்சாவடியில் தொடங்கி, பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி ஆவடிக்குச் செல்லும் சாலையை நம்மில் பலர் அறிவோம். அண்மையில் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலிக்குப்பின், கையுறையும் சாக்குப்பையுமாய்ச் சில இளைஞர்களோடு நாமும் அச்சாலையோரத்தில் குனிந்தோம். இரண்டு மணி நேரத்தில் சாக்குகள் நிரம்பின. மிகுதியாய் இருந்தவை மூன்று: ஷாம்பு, பாக்கு முதலியவற்றின் சிறு உறைகள், தேநீர்க் கோப்பைகள், மதுக்குப்பிகள்.

மிதிவண்டியில் வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “இதுக்குன்னு ஆளுங்க இருக்காங்களே சார், நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?” என்றார். அன்பினால் கேட்ட கேள்விதான். ஆயினும் அந்த ‘ஆளுங்க’ என்ற சொல் வீடு திரும்பும்வரை நம்மை விடவில்லை. யார் அந்த ஆட்கள்? அவர்கள் ஏன் எப்போதும் ஒரே சேரியிலிருந்து வருகிறார்கள்?

இக்கேள்வி பழையது. 1901ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, பேராளர் தங்கிய இடத்தின் கழிப்பிடங்கள் நாறிக் கிடந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த இளம் வழக்கறிஞர் காந்தி, தொண்டர்களிடம் இதைச் சுட்டிக்காட்டினார். அது தோட்டிகளின் வேலை என்று பதில் வந்தது. அவர் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே தூய்மை செய்தார். தம் பயன்பாட்டிற்குரிய இடத்தை மட்டுமே அன்று அவரால் தூய்மை செய்ய முடிந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கூட்டம் பெரிது, துடைப்பமோ ஒன்று.

துடைப்பங்களைப் பெருக்க முயன்ற வரலாறு நம் சென்னைக்கு உண்டு. வங்கி அலுவலராயிருந்த எம். பி. நிர்மல் 1989இல் ‘எக்ஸ்னோரா’ இயக்கத்தைத் தொடங்கினார். ஒரு தெருவின் குடும்பங்கள் கூடி ஒரு மன்றமாகும். மாதந்தோறும் சிறு தொகை தரும். அத்தொகையில் ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கி, ஓர் இளைஞருக்கு ஊதியம் தந்து, வீடுவீடாகக் குப்பை சேர்க்கும். அவ்விளைஞர்களில் பலர் முன்னர்த் தெருவில் காகிதம் பொறுக்கியவர்கள். இயக்கம் அவர்களுக்குத் ‘தெருவை அழகுபடுத்துவோர்’ என்று பெயர் சூட்டியது. பெயர் மாறினால் நிலை மாறுமா என்று கேட்கலாம். ஓரளவு மாறியது என்றே கருதுகிறோம். ஏனெனில் மாத ஊதியமும், தெருவார் அறிந்த முகமும் அவருக்குக் கிடைத்தன.

பல்லாவரத்தை அடுத்த பம்மலில் 1994இல் நிகழ்ந்தது இதனினும் நம் நெஞ்சைத் தொடுவது. மங்களம் பாலசுப்பிரமணியன் என்னும் இல்லத்தரசியும் அவருடைய தோழியரும், ஸ்ரீ சங்கரா நகரில் மகளிர் எக்ஸ்னோராவைத் தொடங்கினர். வீடுகளில் சேர்த்த குப்பையைத் தரம் பிரித்து, மக்குவதை மண்புழு உரமாக்கி விற்றனர். குடும்பப் பெண்கள் குப்பையைத் தொடுவதா என்ற ஏளனத்தைத் தாங்குவதற்கு, வண்டி தள்ளுவதைவிட வலிமை வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் தெரு மன்றங்களின் கை ஒரு எல்லையோடு நின்றது. சேர்த்த குப்பை தெருமுனைத் தொட்டிவரை சென்றது. அங்கிருந்து அப்புறப்படுத்துவது உள்ளாட்சியின் கடன். வண்டி வராத நாளில் தொட்டி வழிந்தது. தொட்டியருகே குடியிருந்தோர் சண்டைக்கு வந்தனர். உள்ளாட்சி அமைப்புகளே வீடுவீடாகக் குப்பை வாங்கத் தொடங்கியபின், பல தெருக்களில் சந்தா நின்றது, மன்றமும் நின்றது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. வீட்டுக் குப்பைக்கு இன்று ஒரு வண்டி உண்டு. சாலையோரத்திற்கோ வீடும் இல்லை, சந்தாவும் இல்லை.

சாலையோரத்திற்கென்றே ஒரு தொண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எழுந்தது. அங்கு டைலர் நகரில் 1985இல் ஒரு மன்றத்தார் இரண்டு மைல் நெடுஞ்சாலையைத் ‘தத்தெடுத்து’த் தூய்மை செய்ய முன்வந்தனர், அவர்கள் பெயர் தாங்கிய பலகை சாலையில் நடப்பட்டது. அவ்வழக்கம் நாடெங்கும் பரவியது. நல்லதே. எனினும் அந்நாட்டிலேயே இதற்கு முந்திய கதை ஒன்று உண்டு. 1953இல் வெர்மாண்ட் மாநிலம், திருப்பித் தர இயலாத பீர்க் குப்பிகளை விற்கத் தடை விதித்தது. அதே ஆண்டில், தகரக் குவளையும் கண்ணாடிக் குப்பியும் செய்யும் தொழில் நிறுவனங்களின் முன்முயற்சியால் ‘அமெரிக்காவை அழகாய் வைத்திருப்போம்’ என்னும் அமைப்பு பிறந்தது. குப்பை போடுவோரின் ஒழுக்கக் குறைவே சிக்கல் என்று அது ஊருக்குக் கற்பித்தது. குப்பியைச் செய்தவரைப் பற்றிப் பேச்சில்லை. வெர்மாண்ட் தடையும் நான்காண்டுகளில் காலாவதியாயிற்று.

தூய்மைத் தொண்டில் ஈடுபடும் நாம் இக்கதையை அறிந்திருக்க வேண்டும். நம் கைகள் யாருடைய பொறுப்பைச் சுமக்கின்றன என்று தெரியாமல் குனிவது, நல்ல மனத்தின் அறியாமையாகும்.

நம் சாக்கில் மிகுந்திருந்த சிறு உறைக்கும் ஒரு தமிழ் வரலாறு உண்டு. எப்சம் உப்பையும் டால்கம் பவுடரையும் ஏழைகளும் வாங்கும் அளவில் சிறு பொதிகளில் தரவேண்டும் என்று எண்ணிய கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். ஏழைக்கும் நறுமணம் என்ற அவருடைய நோக்கத்தைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கியபின், விற்பனையைப் பெருக்க ஓர் உத்தி கண்டார். எந்த நிறுவனத்தின் ஷாம்பு உறையாயினும், காலி உறைகள் சிலவற்றைக் கடையில் கொடுத்தால் ஒரு புதிய ‘சிக்’ இலவசம். வணிகத் தந்திரம்தான்; ஆனால் அந்தக் காலத்தில், வெறும் உறைக்கும் ஒரு விலை இருந்தது. திட்டம் முடிந்தது, உறை மீண்டும் குப்பையாயிற்று. 2019 சனவரி முதல் நாளில் தமிழகம் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களைத் தடை செய்தபோதும், ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. அவ்விலக்கு 2020இல் நீங்கியது என்றாலும், பெட்டிக்கடைகளில் உறைச் சரங்கள் இன்றும் தொங்குவதைக் காண்கிறோம்.

மதுக்குப்பியின் கதை சற்று வேறு. மலைக்காடுகளில் உடைந்த குப்பிகள் யானைகளின் கால்களைக் கிழிப்பதைக் கண்ட உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022 மே மாதத்தில் நீலகிரி மாவட்டத்தில் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. குப்பி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிக் குப்பியைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் திருப்பித் தருவது. குப்பிகளின் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடிப்பவர் ஒரே இரவில் ஒழுக்கசீலராகிவிட்டார் என்று யாரும் சொல்லார். திட்டம் பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. மதுவிற்பனையைப் பற்றிய நம் வருத்தம் தனி. அதை இங்கே கலக்கவில்லை.

அந்த ஞாயிறன்று, கட்டிய சாக்குகளைச் சாலையோரம் அடுக்கிவிட்டு, மாநகராட்சி வண்டிக்காகக் காத்திருந்தோம். வண்டிக்கு முன்னே ஒரு மூதாட்டி வந்தார். தோளில் அவருடைய சொந்தச் சாக்கு. “அவுத்துப் பாக்கட்டுமா, தம்பி?” என்று கேட்டுக்கொண்டே, நாம் கட்டிய முடிச்சை அவிழ்த்தார். குப்பிகளை ஒன்று விடாமல் எடுத்துத் தம் சாக்கில் போட்டுக்கொண்டார். கையுறை இல்லை. நாம் நம்முடையதைக் கழற்றிக் கொடுத்தோம். போட்டால் குப்பி வழுக்கும் என்று சொல்லி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். உறைகளைத் தொடவே இல்லை. முடிச்சை மறுபடியும் நம்மைவிட நேர்த்தியாகக் கட்டிவைத்துவிட்டு, ஏரிப்பக்கமாய் நடந்தார்.